பக்கத்து வீட்டு அருகம்புல்

என் உடம்புக்கு வந்தது என்ன என்று கேட்டால் டாக்டரம்மா வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்வார். என்னைக் கேட்டால் தணிகாசலம் என்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மறுபடி வேலைக்குப் போன நாள் முதல் ஸ்டேஷனில் பார்க்கிறவர்கள் எல்லாரும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். போர்ட்டர் கேட்கிறார், டீக்கடைக்காரர் கேட்கிறார். பார்சல் போட வந்த மண்டிக்காரர் தன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை மறந்துவிட்டு என் கதையைக் கேட்கிறார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். வாசலில் புல் வளர்க்கிறவர்களும், அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கிறவர்களும் கொஞ்சம் கவனமாகப் படிக்கட்டும்.

தணிகாசலம் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். டிக்கெட் பரிசோதகர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அவருக்கு வெள்ளைவெளேரென்று உடுப்பு; பிளாட்பாரத்தில் நடந்தால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. என் சட்டையில் எப்போதும் மீன் கூடைத் தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, பின்னால் கிணறு ஒன்று. முன்பக்கம் ஆளுக்கு ஒரு துண்டு நிலம். என் துண்டில் நெருஞ்சி முளைத்தது. அவர் துண்டில் புல்தரை.

புல்தரை என்றால் என்ன? வெறும் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்தான். வரப்பில் முளைத்தால் மாடு மேய்ந்துவிட்டுப் போகும். தணிகாசலம் வீட்டு வாசலில் முளைத்தால் அதற்குப் பெயர் லான். சாயங்காலம் அதற்கு நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வருஷத்துக்கு ஒருமுறை குவார்ட்டர்ஸைப் பார்வையிட வருகிற பெரிய அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அதிகாரியின் சம்சாரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தப் புல்லில் நடந்து பார்த்தார். பிறகு அதிகாரி என் வீட்டுப் பக்கம் திரும்பி, "இங்கே யாரும் குடியில்லையா?" என்று கேட்டார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே எரிந்தது. மனசு எரிந்ததால்தான் வயிற்றுப்புண் வந்தது என்று என் மனைவி கமலா சொல்வாள். எதனால் வந்ததோ, வந்துவிட்டது. நாட்டு வைத்தியர் காலையில் வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு குடிக்கச் சொன்னார். நல்ல புல்லுக்கு எங்கே போவது? ரயில் பாதை ஓரத்துப் புல்லில் கரியும் எண்ணெயும். தெருவோரப் புல்லில் நாய் காலைத் தூக்குகிறது. கமலா யோசித்துவிட்டு, "பக்கத்துல அண்ணன் வூட்டுப் புல்லு சுத்தமா இருக்குதுங்க" என்றாள். அவரும் பெரிய மனசோடு, "தாராளமா பறிச்சிக்கோ தங்கச்சி. மச்சானுக்கு இல்லாத புல்லா?" என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த ஆள் புல்லைப் பார்த்து எரிந்த வயிற்றுக்கு அந்த ஆள் புல்லே வைத்தியம். இதைவிடக் கேவலம் ஒருவனுக்கு வருமா, சொல்லுங்கள்.

கமலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். திண்டிவனத்துப் பெண் அவள். கல்யாணமாகிக் கோயில் கோயிலாக நடந்து, இனி இல்லை என்று இரண்டு வீட்டாரும் பேச்சையே விட்ட பிறகு உண்டான பிள்ளை. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ரசீது எழுதும்போதுகூட அந்தப் பிள்ளை நினைப்புதான்.

அந்த வருஷம் மழை விட்டதும் தணிகாசலத்தின் புல்லில் புழு விழுந்தது. பச்சைக்கு நடுவில் அங்கங்கே வட்டம் வட்டமாகக் காய்ந்து செம்பட்டையாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. ஆனால் அந்த ஆள் சும்மா இருப்பாரா? டூட்டிக்குப் போன இடத்தில் திண்டிவனத்தில் இறங்கி, விவசாயிகள் மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் வாங்குகிற பூச்சி மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். மண்டை ஓடு படம் போட்ட பாட்டில். பெயர் பாரத்தியான். ஒரு வாளித் தண்ணீருக்கு இத்தனை சொட்டு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் கைப்பழக்கத்துக்கு ஊற்றியிருக்கிறார். கொஞ்சம் கூடப் போட்டால் புழு சீக்கிரம் சாகும் என்ற கணக்கு. பித்தளை பம்பில் நிரப்பிப் புல் நனைய நனைய அடித்துவிட்டு, பம்பையும் வாளியையும் கிணற்றடியில் வைத்து அலசிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரி வண்டிக்கு டூட்டிக்குப் போய்விட்டார்.

போகும்போது தன் சம்சாரம் சரோஜாவிடம், யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சரோஜா அதைக் கமலாவிடம் சொன்னாள். "கமலா, புல்லு மேல கால வெச்சிடாதே. அவரு இன்னாத்தையோ அடிச்சி வெச்சிருக்காரு." அந்த வீட்டில் புல்லை மிதிக்காதே என்பது தினமும் சொல்கிற சொல்தான். குழந்தைகளைத் துரத்துவார்கள், கோழியைத் துரத்துவார்கள். கமலா சொன்ன சொல் தட்டாதவள். மறுநாள் காலையில் புல்லில் காலே வைக்கவில்லை. ஓரத்துச் செங்கல் மேல் நின்றுகொண்டு, கையை மட்டும் நீட்டி ஒரு பிடி பறித்துக்கொண்டு வந்தாள்.

சாறு பிழிந்தால் எப்போதும் நான் முக்கால் டம்ளர் குடிப்பேன். மிச்சத்தைப் பிள்ளைக்கு நல்லதென்று கமலா குடிப்பாள். அன்றைக்கு டம்ளரை நீட்டும்போதே, "பாருங்க, இன்னும் பத்து நாள்ல அந்தப் புல்லு மறுபடியும் தளதளன்னு வந்துடும். அண்ணன் உட மாட்டாரு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காலையில் எழுந்து கட்டின புருஷனுக்கு மருந்து கொடுக்கிற நேரத்தில் அடுத்தவன் புல்லின் பெருமையா? டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ணங்கென்று கீழே வைத்தேன். அன்று அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை. ஒரு மாதிரி பூண்டு வாடை அடித்தது. அம்மிதான் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

போய் உட்கார்ந்ததும் வியர்த்தது. சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை. வாயில் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறியது. ரசீதில் எழுத்து மங்கிவிட்டது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. வாந்தி. அதற்கப்புறம் கைச்சதை தானாகத் துள்ள ஆரம்பித்தது. நான் ஆட்டவில்லை, அது ஆடியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு கர்கர் என்றது. போர்ட்டர்கள் மீன் கூடை ஏற்றுகிற தள்ளுவண்டியில் என்னைப் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்த வாடையில் போகிறோமே என்று அந்த நிலையிலும் எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணின் பாப்பா கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்ததாம். வாயை முகர்ந்தார். உடனே கமலாவைப் பார்த்து, "வீட்ல ஏதாவது சண்டையா? மறைக்காம சொல்லும்மா" என்றார். நான் விஷம் குடித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். வாசலில் ஒரு போலீஸ்காரர் வேறு வந்து நின்றார்.

கமலா அழுதுகொண்டே, "சண்டை தெனம் போடுவாருங்க. ஆனா என்னோட இல்ல, பக்கத்து வூட்டுக்காரரோட. அதுவும் மனசுக்குள்ளயே. அவருக்கே தெரியாது" என்றாள்.

டாக்டரம்மா விடவில்லை. காலையிலிருந்து என்ன சாப்பிட்டான், என்ன குடித்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புல் என்றதும் எங்கே பறித்தாய் என்றார். அப்போதுதான் சரோஜா சொன்னது கமலாவுக்கு ஞாபகம் வந்தது. போர்ட்டர் ஒருவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். தணிகாசலம் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கியிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடி, பாட்டிலை எடுத்துக்கொண்டு, வெள்ளை உடுப்பு முழுக்கப் புழுதியாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். "நான்தாங்க அடிச்சேன். நான்தாங்க. ஜல்தியா எதுனா பண்ணுங்கம்மா" என்று வார்டு வாசலிலேயே கத்தினாராம்.

அதற்கு முன்பே ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தீர்ந்தது, போலீஸ்காரரும் போனார். அவ்வளவுதான், வார்டு முழுக்க ஒரே பேச்சு. அந்த வெள்ளை டிரஸ்காரர் மட்டும் வரவில்லையென்றால் இந்த ஆள் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள். விஷத்தை அடித்தது யார்? அவர். உயிரைக் காப்பாற்றியது யார்? அதுவும் அவர். நான் சும்மா நடுவில் சாறு குடித்தவன்.

எனக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் டாக்டரம்மா புரிகிற மாதிரி சொன்னார். உடம்பில் நரம்பு உத்தரவு போட்டால் சதை வேலை செய்யும். வேலை முடிந்ததும் அந்த உத்தரவை அழித்துவிட உடம்பிலேயே ஒரு சரக்கு இருக்கிறது. இந்த விஷம் அந்தச் சரக்கைக் கட்டிப்போட்டுவிடும். உத்தரவு அழியாது. ஸ்டேஷன் மணியை அடித்தவன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான். எச்சில் சுரப்பது நிற்காது, வியர்ப்பது நிற்காது, சதை துள்ளுவது நிற்காது. கடைசியில் மூச்சு விடுகிற சதை ஓய்ந்துபோகும். குடித்தால்தான் என்று இல்லை, தோலில் பட்டாலே உள்ளே இறங்கும். "அடிச்சவர் கைய கால கழுவினாரா இல்லியோ, அவரும் தப்பிச்சது அதிர்ஷ்டம்தான்" என்றார். அதிர்ஷ்டம் அந்த ஆளுக்கு எப்போதும் உண்டு.

மாற்று ஊசிக்குப் பெயர் அட்ரோபின். எச்சில் வற்றும்வரை, முகம் சிவக்கும்வரை, கண் பாப்பா விரியும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள். விரிந்த கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. நாக்கு மரப்பட்டை ஆகிவிட்டது. அந்த ஊசி அதிகமானால் புத்தியும் கொஞ்சம் புரளுமாம். எனக்குப் புரண்டது. படுக்கை விரிப்பில் புல் முளைப்பதாகத் தெரிந்தது. பச்சைப் பசேலென்று அருகம்புல், கட்டில் முழுக்க. நான் இரண்டு கையாலும் அதைப் பறித்துப் பறித்துக் கீழே எறிந்தேனாம். எறிந்துகொண்டே பேசினேனாம்.

என்ன பேசினேன் என்று கமலா ரொம்ப நாள் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் பாம்பு கடித்துக் கிடந்த கெடார் கிராமத்து விவசாயிதான் சொன்னார். "நல்லா பேசினீங்க சார். நாற்காலியில உக்காந்துக்கினு டீ குடிக்கிற நாயே, ஒம் புல்லு கருகிப் பூடணும், ஒம் மூஞ்சி கருகிப் பூடணும், எம் பொண்டாட்டி வாயில ஒம் பேரு வரக் கூடாதுன்னு ஒரே கூச்சல். வார்டே கேட்டுது."

"தணிகாசலம் அப்ப இருந்தாரா?"

"யாரு, வெள்ள டிரஸ்ஸா? அவருதானே உங்க ரெண்டு காலையும் புடிச்சிக்கினு இருந்தாரு."

கட்டிலுக்குக் கீழே ஒரு சந்து கிடைத்தால் நுழைந்துவிடலாம் போல இருந்தது. அந்த விவசாயிக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. பாம்பு கடித்த கால் மரக்கட்டையாக வீங்கியிருந்தாலும், வீட்டிலிருந்து பெரிய தூக்கில் கேப்பைக் கூழ் வரும், கருவாட்டுக் குழம்பு வரும், சுற்றிப் பேரப்பிள்ளைகள் உட்காரும். எனக்கு ரொட்டியும் பாலும். அவர் கூழைக் குடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை உண்மையாகவே கொன்றது இதெல்லாம் இல்லை. டாக்டரம்மா தணிகாசலத்திடம், பம்பை எங்கே கழுவினீர்கள் என்று கேட்டார். கிணற்றடியில் என்றார். அந்தக் கிணறு யாருக்கு என்றார். இரண்டு வீட்டுக்கும் என்றார். டாக்டரம்மா கமலாவின் வயிற்றைப் பார்த்தார்.

"அதுக்கப்பறம் அந்தத் தண்ணியைக் குடிச்சியாம்மா?"

"குடிச்சேங்க. வேற எந்தத் தண்ணி இருக்குது? சோறு வடிச்சேன், குளிச்சேன்."

அந்தப் பதிலை நான் கட்டிலில் கிடந்தபடி கேட்டேன். அதுவரைக்கும் எனக்கு என் உயிர்தான் பெரிதாக இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அது போனது. எனக்கு ஒரே பயம், பிள்ளை. நான் சாகலாம், பரவாயில்லை. அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டியதில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

கமலாவைப் பரிசோதித்தார்கள். மரத்தில் செய்த சின்னக் குழல் ஒன்றை வயிற்றில் வைத்து டாக்டரம்மா காதைக் கொடுத்துக் கேட்டார். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார். கமலாவுக்கு வியர்வை இல்லை, கண் சுருங்கவில்லை. "இப்போதைக்குப் பயம் இல்ல. ஆனா பொறக்கற வரைக்கும் நான் எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணி இனிமே வேணாம்." காய்ச்சிக் குடிக்கலாமா என்று கமலா கேட்டாள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இந்த விஷத்தை நம்ப முடியாது என்றார். பிளீச்சிங் பவுடரையும் நம்பாதே என்றார். வாசலில் அடித்ததுதானே, கிணறு பின்னால் இருக்கிறதே என்று நானும் முனகினேன். அதற்கு டாக்டரம்மா, நம் பக்கம் மணல் கலந்த மண். மழை பெய்தால் புல்லில் இருப்பது வேரில் இறங்கும், வேரிலிருந்து மண்ணில், மண்ணிலிருந்து ஊற்றில். அப்படி மெதுவாகப் போவது ஒரு பக்கம். கிணற்றடியில் கழுவினதோ கல் இடுக்கு வழியாக நேரே உள்ளே போயிருக்கும் என்றார். தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து மெட்ராசுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இன்றுவரை பதில் வரவில்லை.

அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. கிணற்றில் தவளைகள் வெள்ளை வயிறு தெரிய மிதப்பதைச் சரோஜா பார்த்திருக்கிறாள். தணிகாசலம் ஆள் வைத்துக் கிணற்றை இறைத்தார். ஊற ஊற மறுபடி இறைத்தார். சேற்றை வாரினார். இறைத்த தண்ணீர் சாக்கடை வழியாகப் பின்னால் இருக்கிற குட்டைக்குப் போனது. அங்கே இருந்த தவளையும் மீனும் செத்தன. மாடு மேய்க்கிறவர் குட்டைக்கு மாட்டை ஓட்ட முடியாமல் எங்கள் குவார்ட்டர்ஸைப் பார்த்துத் திட்டிக்கொண்டு போனாராம். நியாயம்தான். ஒரு கிணற்றைச் சுத்தம் பண்ண ஒரு குட்டையைக் கெடுத்தோம். எல்லாம் நாலு வட்டம் புல் காய்ந்ததற்கு.

கமலாவைத் திண்டிவனத்துக்குப் போ என்றேன். அவள் அம்மா வந்து கூப்பிட்டார். "இவரு எழுந்து ஒக்கார்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று பிடிவாதம். அப்படியானால் குடிக்க நல்ல தண்ணீர்? ஸ்டேஷன் குழாயிலிருந்து வர வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி குடம் தூக்க முடியாது. தினமும் டூட்டி முடிந்ததும் தணிகாசலம் குடத்தைத் தோளில் வைத்து என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கமலா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"இன்னிக்கி அண்ணன் ரெண்டு கொடம் கொண்டாந்து ஊத்திட்டுப் போனாருங்க."

"சரி."

"வெள்ளச் சட்ட பூரா நனைஞ்சிப் போச்சி. ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாரு, பாவம்."

"சரி, சரி. என்னைக் கொஞ்சம் பாரேன். காலையிலேர்ந்து நான் இருமிக்கினே இருக்கறேன்."

என் பிள்ளைக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய தண்ணீர். அதைக்கூட அந்த ஆள் கொண்டுபோய்க் கொடுக்கிறார். எனக்கு எழுந்து ஒரு சொம்பு தூக்கத் தெம்பு இல்லை. அப்போது அழுதேன். வலிக்கு அழாதவன் அதற்கு அழுதேன்.

அந்த வயிற்றெரிச்சலிலும் ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. கமலாவிடமே சொன்னேன். "அன்னிக்கி நீ அந்தப் புல்லப் புகழ்ந்தியே, எனக்குப் பொறாமை வந்துதானே மொத்தத்தையும் குடிச்சேன்? இல்லேன்னா நீ மிச்சத்தைக் குடிச்சிருப்ப. எம் பொறாமைதான் நம்ம புள்ளயக் காப்பாத்திச்சி."

"அய்ய, இதுல பெருமை வேறயா?" என்று கமலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுத்துப் பேச அவளுக்கு வழியில்லை. என் குணத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் இதைத்தான் எடுத்துவிடுகிறேன்.

நான் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கியதும் கமலா கிளம்பினாள். அவளையும் அவள் அம்மாவையும் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? கேட்க வேண்டுமா? ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்து, குலுங்காமல் இருக்கத் தலையணை வைத்து, ஸ்டேஷனிலிருந்து வண்டி பேசி, வாசல்வரை விட்டுவிட்டு வந்தாராம். திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியான நேரம். கெடார் விவசாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் இருவரைத் தவிர அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"நல்லபடியா கொண்டு போய் வுட்டுட்டேன், மச்சான்."

நான் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நீ அன்னிக்கிப் பேசினதெல்லாம் கேட்டேன்."

"ஊசி வேகத்துல ஒளறினது."

"இல்ல, நெஜந்தான் பேசின. பேசட்டும்னுதான் காலைப் புடிச்சிக்கினு இருந்தேன்." பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "எங்க வூட்ல சரோஜாவுக்கு இனிமே இல்லன்னு டாக்டர் சொல்லி நாளாச்சி. வாசல்ல ஓடியாட ஒண்ணும் இல்ல. அதான் புல்ல வளத்தேன். கமலா முழுவாம இருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கி ராத்திரி நான் சாப்புடல. ஒம் மேல எனக்கு அவ்ளோ பொறாமை. நீ என்னாத்துக்குய்யா எம் புல்லப் பாத்து எரிஞ்ச?"

எனக்குப் பரிதாபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக நான் ஒருவனே பார்த்துப் பார்த்து வளர்த்த பொறாமை. கடைசியில் அதில்கூட இந்த ஆள் என்னை முந்திக்கொண்டானே! என்னுடையது வெறும் புல்லுக்கு. அவருடையது பிள்ளைக்கு. எது பெரிது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அவர் உரித்துக் கொடுத்த சாத்துக்குடியைத் தின்றேன்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று வாசலில் நின்று பார்த்தேன். அவர் வீட்டு முன்னால் புல் இல்லை. வேரோடு வெட்டி எடுத்து, மேல் மண்ணையும் சுரண்டி, குவார்ட்டர்ஸுக்கு வெளியே கிணறு குளம் இல்லாத மேட்டில் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். வெறும் செம்மண் கிடந்தது. நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டுப் பார்க்க நினைத்த காட்சி. பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்போது உடம்பு முழுசாகத் திரும்பவில்லை. கை நடுக்கம் நின்றபாடில்லை. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி மார்பில் சிந்தும். பேனா பிடித்தால் கோடு கோணலாகப் போகும். நரம்பு தேற நாளாகும், பாரம் எதையும் தூக்காதே என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் படுத்திருந்த நேரமெல்லாம் திண்டிவனத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை எப்படிப் பிறக்குமோ, கை கால் சரியாக இருக்குமோ, கண் திறக்குமோ. கமலா குடித்த ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் எனக்குக் கணக்கில் வந்தது.

ஒரு நாள் காலையில் தணிகாசலம் ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்தார். திண்டிவனத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்களாம். "வலி எடுத்துடுச்சாம். கெளம்பு, வண்டி நிக்குது." என் சட்டைப் பொத்தானை அவரே போட்டுவிட்டார். பாசஞ்சர் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. அவர் டிக்கெட்டைக்கூடப் பரிசோதிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போவதற்குள் பிறந்துவிட்டது. பெண். தெரு முனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. மருத்துவச்சி வெளியே வந்து, "கை காலெல்லாம் சரியா இருக்குதுங்க. கொரலப் பாத்தீங்களா? ஒரு கொறையும் இல்ல" என்றாள். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்தார். என் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது. தயங்கிவிட்டு, என் பக்கத்தில் நின்ற தணிகாசலத்திடம் நீட்டினார். அந்த ஆள் வாங்கிக்கொண்டார். வாங்கிய மாத்திரத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தணிகாசலம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி மீசைக்குள் இறங்கியது. என் பிள்ளையை முதலில் தூக்கியதும் இவன்தானா!

"குடுய்யா" என்றேன்.

"கை நடுங்குது மச்சான். ஒரு வாரம் போவட்டும்."

"எம் புள்ளய்யா. குடு."

அவர் குனிந்து உட்கார்ந்து குழந்தையை என் கைகளில் வைத்தார். அதற்கு எடையே இல்லை. ஆனால் என் கை ஆடியது. குழந்தையின் தலையும் சேர்ந்து ஆடியது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். ஆட்டம் நின்றது. குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. என்னைப் பார்த்ததா, அவரைப் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை.

"கைய எடு" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.